இரவல் பேனா

என் மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று எழுதுவதற்கு, இன்னொன்று கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதற்கு. எழுதுகிறது மைப்பேனா, கறுப்பாக, நல்ல பருமனாக, குழாயிலேயே மையை ஊற்றிக்கொள்ளும் பழைய வகை. கொடுக்கிறது எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பால்பாயிண்ட். பேங்கிலோ தபால் ஆபீசிலோ யாராவது, "ஏனுங்க, பேனா இருக்குதுங்களா?" என்று கேட்டால், மாமாவின் கை யோசிக்காமல் பால்பாயிண்டைத்தான் எடுக்கும். எங்கள் வீட்டில் அதற்கு இரவல் பேனா என்று பெயர்.

மைப்பேனாவை அவர் இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

"நிப்பு ஒரு கைக்குப் பழகிப்போச்சுன்னா பொறவு அந்தக் கைக்குத்தான் அம்மணி எழுதும். வேற ஆளு புடிச்சு ரெண்டு அழுத்து அழுத்துனா, திரும்பி வரும்போது அது நம்ம பேனாவா இருக்காது" என்பார். ஏதோ சாமி வாக்கு மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொல்வார். கூடப் பிறந்த அக்காவுக்கே விலக்கு கிடையாது. என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அம்மா கையை நீட்டினாலும் இரவல் பேனாதான் வரும். "இவன் பேனாவுல என்ன, தங்கமா ஒழுகுது?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு மட்டும் கொடுத்துவிடுவாரா? நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, பென்சில் வர்க்கம். ஆறாம் வகுப்பில்தான் பேனா பிடிக்க விடுவார்கள். மாமாவின் பேனாவை ஒரு தடவை தொட்டு எழுதிப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்காத நாளில்லை, அவர் கொடுத்த நாளும் இல்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, கொப்பரைக் களம், வீட்டில் அப்புச்சியும் அவரும் மட்டும். அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. நாங்கள் சூலூரில் இருந்தோம். அப்பா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா என்னைத் தோப்புக்குத் தாட்டிவிடுவாள். என் வாயைச் சமாளிக்க முடியாது என்பதுதான் காரணம். அந்த வாய் இன்றைக்கும் குறைந்தபாடில்லை.

தோப்பு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பேனாவுக்குக் குளியல். மாமா கழுத்தைத் திருகிக் கழற்றி, நிப்பையும் அதற்கு அடியில் இருக்கும் கட்டையையும் உருவி, டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நீலம் நூல் நூலாகத் தண்ணீருக்குள் இறங்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பிறகு பழைய பனியன் துணியில் துடைத்து, நிழலில் காயவைத்து, ஃபில்லரில் மையை உறிஞ்சிக் கழுத்துவரை நிரப்புவார். ஒரு சொட்டு வெளியே போகாது. அந்தப் பக்கமாகப் போகிற அப்புச்சி, "புள்ளையக் குளிக்க வெக்கற வயசுல பேனாவக் குளிக்க வெச்சுட்டு உக்காந்திருக்கறான்" என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போவார்.

நிரப்பியதும் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையார் சுழி, ஒரு கோடு, அப்புறம் என் பெயர். எழுத்து ஒரு நொடி ஈரமாக மினுங்கும்; பிறகு மெல்ல அடங்கித் தாளோடு சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகத்தான் மாமா எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றும். "பால்பாயிண்டுன்னா ஏர் ஓட்டற மாதிரி அழுத்தோணும். இது சும்மா புடிச்சாப் போதும், அதுவா நடந்துக்கும்" என்பார். மை வரவில்லை என்று பேனாவை உதறுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "உதறாதீங்க, அதுக்கு உசிரு போயிரும்" என்று முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சண்டைக்குப் போயிருக்கிறார்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகை உறைகளில் பெயர் எழுத மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். மஞ்சள் தடவிய உறைமேல் அவர் எழுத்து சாய்ந்து நிற்கும் அழகைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற பத்திரிகையைப் பிரிக்க மறந்தவர்கள் உண்டு. நல்ல கைராசிக்காரர் என்று பேர் வேறு. அவர் எழுதிய முதல் உறையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுக்கத் தொடங்குவார்கள். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் எழுதியவருக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் கூடவில்லை. தோப்பில் இருக்கிற பையனுக்குப் பெண் கிடைப்பது எங்கள் பக்கம் குதிரைக்கொம்பு. கம்ப்யூட்டரா, வெளிநாடா என்று கேட்பார்கள். தேங்காய் என்றதும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கோடையில் வால்பாறையிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண்ணின் அப்பா எஸ்டேட்டில் ஆபீசர், சொந்த ஊர் எங்கள் பக்கம்தான். பெண்ணுடைய அப்பாரும், அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவும், எங்கள் அப்புச்சியும் பழைய சினேகிதர்கள். அப்புச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. சூலூரிலிருந்து அம்மாவை வரவழைத்தார். மாமா என்னைக் கூப்பிட்டு, "கல்யாணம் முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கறப்ப உனக்கு ஒரு இங்க் பேனா வாங்கித் தாரேன் அம்மணி" என்றார். அப்புறம் அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாகச் சாமி கும்பிட்டவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. பேனா ஒரு பக்கம், பட்டுப்பாவாடை ஒரு பக்கம்.

பெண் பார்க்கப் போன அன்று காலையில் மாமா பேனாவைக் கழுத்துவரை நிரப்பினார். மலை ஏறுவதென்றால் அதுதான் அவர் சட்டம். காலேஜில் படிக்கும்போது ஊட்டிக்குப் பாதி மையோடு போய், மேலே மூடியைத் திறந்ததும் பேனா மொத்தத்தையும் கக்கி, போட்டிருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் தீர்த்துவிட்டதாம். "மை இல்லாத எடத்துல காத்து இருக்குதல்ல? மேல போகப் போக அது ஊதும். ஊதி, மையப் புடிச்சு வெளிய தள்ளிப்போடும். ரொம்பி இருந்துச்சுன்னா காத்துக்கு எடமே இல்ல" என்று எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

வால்பாறையில் பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் ஆன பிறகு பெரியவர்கள் பெருந்தன்மையாக, "பேசறதுன்னா பேசிக்குங்க" என்றார்கள். இரண்டு பேரையும் தனியாக விட்டதாகவும் இருக்கக் கூடாது, கூடவே ஆள் இருந்ததாகவும் இருக்கக் கூடாது. அதற்காக என்னை அனுப்பினார்கள். வீட்டுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலை. ஒரு சிமெண்டு பெஞ்சில் அந்த அக்கா உட்கார்ந்தார். மாமா நின்றுகொண்டிருந்தார். நான் கையில் இருந்த காலண்டர் தாளைக் கப்பலாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா சுற்றி வளைக்கவில்லை. "எங்க அப்பா உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. எனக்கு வடக்க ஆராய்ச்சிப் படிப்புக்கு எடம் கெடைச்சிருக்குதுங்க. ஆடி பொறந்தாப் போய்ச் சேரோணும்."

மாமா வேலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப, நான் வேண்டாம்னு சொல்லிப்போடட்டுங்களா?"

"நீங்க இல்லீன்னா அடுத்த வாரம் இன்னொருத்தரு வருவாருங்க. நானே வேண்டாம்னு சொன்னா, படிச்சதே போதும்னு கதவைச் சாத்திருவாங்க. ஒரு வருஷம் இந்தப் பேச்சு இல்லாம இருந்தாப் போதும். போய்ச் சேந்துட்டா பொறவு நான் பாத்துக்குவேன்." சொல்லிவிட்டு, ஒரு வறட்டுச் சிரிப்புச் சிரித்தார். "எங்க அக்கா நிச்சயத்தன்னிக்குக் குத்துவெளக்கு சாஞ்சு எண்ணெய் கொட்டிப்போச்சுங்க. எங்க அப்பாரு ஒரு வருஷம் அவ கல்யாணப் பேச்சையே எடுக்க உடலை. அந்த மாதிரி என்னமாவது நடந்தாத்தான் உண்டு."

இதெல்லாம் என் காதில் விழுந்தது. ஒரு வருஷம் எதற்கு என்று யோசித்தேன். ஜாக்கெட் தைக்கிறவர் இழுத்தடிக்கிறார் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

அப்போதுதான் அந்த அக்கா மாமாவின் பையைப் பார்த்து, "இங்க் பேனாவுங்களா? ஒருக்கா எழுதிப் பாக்கட்டுங்களா?" என்றார். மாமா மைப்பேனாவை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்தார். நீட்டிவிட்டார். நான் பதறிப்போய், "மாமா, இரவல் பேனா பக்கத்துலயே இருக்குது!" என்று கத்தினேன். அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

அக்கா என் கப்பலை வாங்கிப் பிரித்து, தாளின் பின்பக்கம் என் பெயரை எழுதினார். முதலில் கரகரவென்று கீறியது. பேனாவை விரலுக்குள் கொஞ்சம் திருப்பிப் பிடித்து மறுபடி எழுதினார். இப்போது சத்தமே இல்லை. "சாச்சு எழுதுவீங்களா? நிப்பு ஒரு பக்கமா தேஞ்சிருக்குது" என்றார். மாமா, "ஆமாங்க" என்றார். அக்கா மூடியை ஒழுங்காகத் திருகி, பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளை வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. மலை இறங்கும்போது மாமாவிடம் பெரிய சண்டை போட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமா, "கல்யாணத்த ஒரு வருஷம் தள்ளி வெச்சுக்கலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அப்புச்சி சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "தவங் கெடந்து ஒரு பொண்ணு அமைஞ்சிருக்குது, ஒரு வருஷமாமா ஒரு வருஷம்! அவங்க அவசரப்படறாங்க, ஆனியிலயே முடிக்கோணும்கறாங்க. வாயத் தொறந்தீன்னா பாரு." அம்மா கண்ணால் ஜாடை காட்டி மாமாவை அடக்கினாள். அப்புச்சி மறுநாளே வால்பாறைக்குப் போன் போட்டு உப்பு சக்கரைக்கு நாள் குறித்தார். எங்கள் பக்கம் நிச்சயத்துக்கு அதுதான் பெயர். இரண்டு வீட்டாரும் தட்டில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. "முகூர்த்தத் தேதிய என்ற பையனே அவன் கையால எழுதட்டும். அவன் எழுத்தைப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க" என்று போனிலேயே பெருமையடித்தார் அப்புச்சி.

அந்த நாள் காலையில் நான் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனேன். அவர் பேனாவைத் திறந்துவைத்து ஃபில்லரை உள்ளே விட்டிருந்தார். நிரப்புகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், உள்ளே இருந்த மையை உறிஞ்சிப் பாட்டிலில் திரும்ப விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சாப்டியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே கழுத்தைத் திருகி மூடினார். புதுச் சட்டை, தும்பைப்பூ வெள்ளை. இரண்டு பேனாக்களையும் பையில் குத்திக்கொண்டார்.

வேன் நிறைய ஒறம்பரை, எல்லாம் சொந்தக்காரர்கள். ஆழியாறு தாண்டி முதல் வளைவு வந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. "மாமா! பேனாவுல மை பாதிதான இருக்குது? மேல போனாக் கக்கிப்போடுமே!" என்றேன்.

"ஒண்ணும் ஆகாது, பேசாம வா."

"நீங்கதான சொன்னீங்க? காலைல நான் பாத்தனே, நீங்களே எடுத்து ஊத்..."

மாமா என் வாயைக் கையால் பொத்தினார். முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பி, "என்னடி பேனா பேனாங்கறே?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா. அம்மணிக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்குதாம்" என்றார் மாமா, கூசாமல். அவ்வளவுதான். என்னைத் தூக்கி டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்தினார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவும் அந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறினேன். ஒரு பொய்யும் சொல்லாத எனக்கு இந்தத் தண்டனையா என்று பொருமிக்கொண்டு வந்தேன்.

அங்கே கூடம் நிறைய ஆட்கள். ஜமக்காளத்தின் நடுவில் தட்டுகள். ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை, பக்கத்தில் வெற்றிலை பாக்கு, பழம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளை ஒரு பலகையில் வைத்து மாமாவுக்கு முன்னால் நகர்த்தினார்கள். பெண்ணின் அப்பாரு, "மாப்பிள்ளை கையெழுத்து முத்து மாதிரின்னு உங்க அப்பா சொல்லாத நாளில்லீங்க. எழுதிப்போடுங்க, பாக்கலாம்" என்றார். அப்புச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

மாமா மைப்பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். அப்போதே விரல் நுனியெல்லாம் நீலம். பிள்ளையார் சுழி போடத்தான் குனிந்தார். கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சொட்டு, தாளின் நடுவில் சொத்தென்று விழுந்து பரவியது.

யாரோ ஒருவர், "பரவால்ல, பரவால்ல, வேற தாளு குடுங்க" என்றார். அந்த வேறு தாள் வருவதற்குள் மாமா பேனாவை ஓங்கி ஓர் உதறு உதறினார். அதுவும் மாமா! உப்பு, சர்க்கரை, அவருடைய சட்டை என்று ஒரே வரிசையாக மை தெறித்தது. உப்பு மையைக் குடித்தது. வெள்ளை வெளேரென்று இருந்த குவியலுக்குள் நீலம் இறங்கி இறங்கிப் பரவுவதை அத்தனை பேரும் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும், "அட சாமி!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அந்த அமைதியில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை. எனக்கு ஆத்திரம். எலுமிச்சம்பழ ஆத்திரம். "நான் ஆழியாத்துலயே சொன்னனுங்க! இப்படித்தான் ஆகும்னு அப்பவே சொன்னேன், யாரும் கேக்கலை!" என்று கூடமே அதிரக் கத்தினேன். மாமாவை மாட்டிவிடுவதுதான் என் நோக்கம். காலையில் அவர் மையை எடுத்துக் கொட்டியதைச் சொல்ல அடுத்து வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்ணின் அப்பாரு என்னையே வெறித்துப் பார்த்தபடி, இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "கொழந்த வாயில வந்துருக்குது பாருங்க. மலையேறும்போதே வந்துருக்குது. நம்ம காதுக்குத்தான் கேக்கலை."

நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. எனக்குச் சாமி வந்துவிட்டதாக ஒரு பெரியம்மா என் நெற்றியில் திருநீறு பூசினார்.

மாமா நீலக் கையோடு எழுந்து நின்றார். "என்ற கைதானுங்க சரியில்ல. பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க. இதைப் பொண்ணு பேர்ல யாரும் சொல்லீறக் கூடாது" என்று பெரியவரைப் பார்த்துச் சொன்னார். பெரியவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, உப்பை மாற்ற வேண்டாம் என்றார். இந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்றார். அந்த அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததால் முகம் யாருக்கும் தெரியவில்லை. குட்டையாக இருந்த எனக்குத் தெரிந்தது. உதட்டை இறுகக் கடித்துக்கொண்டிருந்தார். அழுகிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா தன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது வேனில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள். ஆழியாறு அணை தெரிந்ததும் அப்புச்சி முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அந்தக் கெரகத்தத் தூக்கித் தண்ணியில வீசு." மாமா வீசவில்லை. வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும், பேனாவைக் குளிப்பாட்டினார். நான் பக்கத்தில் போய் உட்காரவில்லை. என் பேனாவையும் கல்யாணத்துக்கு எடுக்க இருந்த பட்டுப்பாவாடையையும் கெடுத்த மனிதரோடு எனக்கு என்ன பேச்சு?

பேனாவை மட்டும் அவர் கெடுக்கவில்லை. ஆறாம் வகுப்பு தொடங்கியதும் சொன்னபடி வாங்கி வந்து கொடுத்தார், கூடவே ஒரு பால்பாயிண்டும். "இது எழுதறதுக்கு, இது கேக்கறவங்களுக்கு" என்றார். ஆனால் அந்த வருஷத்திலிருந்து அவரைப் பத்திரிகை எழுத யாரும் கூப்பிடவில்லை. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மரியாதைக்காரர்கள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, பிரிண்ட் போட்ட ஸ்டிக்கரை உறைகளில் ஒட்டிக்கொண்டார்கள். பெண் பார்க்கவும் யாரும் ஜாதகம் அனுப்பவில்லை. வெறும் தேங்காய்க்காரராக இருந்தபோதே கிடைக்காதது, கைராசி கெட்ட தேங்காய்க்காரருக்கு எங்கே கிடைக்கப் போகிறது? மாமாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்குப் படிக்கட்டும் என்று அந்த அக்காவை வடக்கே அனுப்பிவைத்தார்களாம். இப்போது அங்கேயே பேராசிரியர் என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொல்லக் கேட்டேன்.

நான் பெரியவளாகி எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பு மாமா சூலூருக்கு வந்தார். அம்மா அடுப்படியில் இருந்த நேரமாகப் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மனசாரத்தான் சரின்னு சொன்னியா அம்மணி?" என்றார். ஆமாம் என்றேன். நிஜமாகவே ஆமாம்தான். அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "இல்லீன்னா சொல்லிப்போடு. பேனாவுல மை கொஞ்சமாத்தான் இருக்குது" என்றார்.

ஃபில்லர், எலுமிச்சம்பழம், அந்த உதறல் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பேனாவை உதறினால் உசிர் போய்விடும் என்று ஊரோடு சண்டை போட்டவர், அத்தனை பேர் நடுவில் உதறினார். நான் வாயைத் திறக்க, அவர் சிரித்துவிட்டார். "நீயும் சும்மா சொல்லக் கூடாது. உன்ற வாய் இல்லீன்னா அந்தப் பெரியவரு வேற தாள்ல எழுதச் சொல்லியிருப்பாரு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று, உறை ஒவ்வொன்றையும் மாமாதான் எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா கைராசி, கைராசி என்று முணுமுணுத்துக்கொண்டே மஞ்சளை உரசினாள். மாமா சாயங்காலம்வரை குனிந்த தலை நிமிராமல் எழுதினார்.

நான் இப்போது கோயமுத்தூரில் ஓர் ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் தட்டுகிறேன். ஆனாலும் கைப்பையில் ஒரு மைப்பேனா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதற்குக் குளியல் உண்டு. "ஏனுங்க மேடம், இதோட மல்லுக்கட்டறீங்க?" என்று கூட இருக்கும் சின்னப் பெண்கள் கேட்பார்கள். கை கறையாகிறது, ஒழுகுகிறது, அவசரத்துக்கு உதவாது, எல்லாம் வாஸ்தவம்தான். நான் சாய்க்கிற பக்கமாகவே சாய்ந்து, என் கைக்கு மட்டும் தேய்ந்து கொடுக்கிற ஒரு பொருள் என்னிடம் வேறெதுவும் இல்லை. அதை எப்படி அவர்களுக்குச் சொல்வது? இரவல் பேனாவும் ஒன்று வைத்திருக்கிறேன்.

போன வாரம் கூரியர் கொண்டுவந்த பையன் பேனா கேட்டான். என் கை யோசிக்காமல் இரவல் பேனாவை எடுத்து நீட்டியது. அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, அந்த சிமெண்டு பெஞ்சு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் மாமாவின் பையில் இரண்டு பேனாக்களும் இருந்தன. மாமாவின் கை எதை எடுத்தது என்று நான்தான் பக்கத்தில் நின்று பார்த்தேனே. அந்த அக்கா ஒரு வருஷம் வேண்டும் என்று சொல்லி முடித்த பிறகு, அவருக்கு எப்படி உதவுவது என்று மாமாவுக்குத் தெரிந்த பிறகு, எடுத்த பேனா அது. எனக்குத் தந்திரம் மட்டும்தான் புரிந்திருந்தது. அவருக்கு அந்த அக்காவைப் பிடித்திருந்தது என்பது புரியவில்லை.

அன்றைக்கு மலை இறங்கும்போது நான் போட்ட சண்டைக்கு அவர் பதில் சொல்லியிருந்தார். "நான் எத்தன நாளாக் கேக்கறேன், எனக்கு ஒருக்காக்கூடத் தரலை. அவங்க கேட்டதும் மட்டும் ஏன் குடுத்தீங்க?" என்று அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். மாமா பையிலிருந்த மைப்பேனாவை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அவங்கதான் திருப்பிக் குடுத்துட்டாங்களே கண்ணு" என்றார்.

அது நியாயமான பதிலாகத்தான் எனக்குப் பட்டது. சண்டையை விட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் குரங்குகளைப் பார்க்கத் தொடங்கினேன்.